கிள்ளான் சமவெளியில் சைக்கிள் வந்த கதை



ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளையில் கேரித் தீவுப் பக்கமோ, தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கமோ போகிறவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய வர்ணச் சட்டை. கோலாலம்பூரிலிருந்து காரின் மேல் சைக்கிளைக் கட்டிக் கொண்டு வந்து, செம்பனைத் தோட்டத்து வரப்பின் மேலும் வயல்காட்டுக் கால்வாய்க் கரையின் மேலும் கூட்டம் கூட்டமாக மிதித்துப் போகிறார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இவங்ககிட்டத்தான் கார் இருக்கே, அப்புறம் எதுக்கு வெயில்ல சைக்கிள்ல போறாங்க?"

நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பாதைகளைப் பற்றிக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் இருக்கிறது. அதே மண்ணில் நம்முடைய பாட்டன்மார், துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போக வேண்டும் என்பதற்காகப் போராடியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கோலாலம்பூரைச் சுற்றி மேடும் பள்ளமும் உண்டு. மேற்கே இறங்கிக் கிள்ளானைத் தாண்டிவிட்டால் தரை பலகை போல் ஆகிவிடும். வடக்கே காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரைக்கும், தெற்கே தெலுக் பங்லிமா காராங், பந்திங், கேரித் தீவு வரைக்கும் எல்லாம் கடலும் ஆறுகளும் கொண்டு வந்து சேர்த்த களிமண். மலாக்கா நீரிணையின் பெருக்கு வரும்போது இந்த நிலத்தின் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே இங்கே தோட்டம் போட நினைத்தவர்கள் மரம் நடுமுன் மண்ணை வெட்ட வேண்டியிருந்தது. கடல் பக்கம் உயரமான கரை. உள்ளே பெரிய கால்வாய், சின்ன வாய்க்கால், அதிலும் சின்ன வாய்க்கால். கடைசியில் ஒரு தண்ணீர்க் கதவு. வற்றும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் கனத்தால் கதவு தானே திறந்து கொள்ளும். பெருக்கு வரும்போது கடல் தண்ணீர் தள்ளி அதை மூடிவிடும். கடற்கரைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கதவுக்குள் ஒரு மட்டை சிக்கிக் கொண்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாய்க்கால் வெட்டிய மண்ணை எங்கே போடுவது? பக்கத்திலேயே குவித்தார்கள். அதுவே கரை ஆயிற்று. ஆள் நடந்து நடந்து பாதையும் ஆயிற்று. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் கால்வாய்க் கரைப் பாதைகள் பிறந்த விதம் வேறு. அங்கே சரக்குப் படகைக் கயிறு கட்டிக் குதிரை இழுத்துப் போகும். அந்தக் குதிரைக்காகப் போட்டது பாதை. நம் முன்னோர் வந்த சென்னை மாகாணத்தில் குதிரை கூட இல்லை. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை மனிதர்களே கரையில் நடந்து இழுத்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாத மக்களை வைத்துத்தான் அந்தக் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. இக்கரைக்கு வந்த பிறகும் நம் மக்கள் கையிலிருந்து மண்வெட்டி இறங்கவில்லை.

தஞ்சோங் காராங் பக்கத்துக் கால்வாய்கள் மட்டும் நெல்லுக்காக வெட்டப்பட்டவை. 1930களில் அரசாங்கம் சதுப்புக் காட்டை அழித்து, பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து வயலாக்கியது. அங்கே வாய்க்காலைத் 'தாலி ஆயர்' என்பார்கள். பாதைகளுக்கும் அதுவே பெயர். தெற்கே தோட்டத்து வாய்க்கால் நீரை வெளியேற்றுவது, வடக்கே வயல் வாய்க்கால் நீரைக் கொண்டு வருவது. சைக்கிள்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான்: மேடில்லாத, நேரான, ஒரு பக்கம் தண்ணீர் உள்ள பாதை.

இனி வண்டிக்கு வருவோம். சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு, நம் ஆட்கள் சைக்கிள் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பழைய சைக்கிள்களின் சக்கரத்தில் கட்டை ரப்பர் பட்டைதான் இருந்தது. கல்லில் ஏறினால் எலும்பெல்லாம் ஆடும். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் என்ற விலங்கு மருத்துவர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தன. டயருக்கும் டியூப்புக்கும் வேண்டிய ரப்பர் அப்போது பிரேசில் நாட்டுக் காட்டு மரங்களிலிருந்து வந்தது, போதவில்லை, விலை ஏறியது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்த பால்மரக் கன்றுகளின் வழித்தோன்றல்களைக் காட்டி, இதை நடுங்கள், இதை நடுங்கள் என்று அங்கிருந்த தாவரத் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொண்டிருந்தார். 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை விழுந்தபோதுதான் சிலாங்கூர்த் துரைமார் அவர் பேச்சைக் காதில் வாங்கினார்கள். மோட்டார் காரால்தான் ரப்பர் பணமாயிற்று என்று பாடப் புத்தகம் சொல்லும். அது சரி, ஆனால் அந்தக் கதவை முதலில் தட்டியது சைக்கிள்.

ரயில் அதற்கு முன்பே வந்திருந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடாவுக்கு 1886இல் பாதை போட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்ததும், தமிழர் அங்கே வேர் விட்டதும் அந்த ரயிலால்தான். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து தோட்டம் பல மைல் தூரம். லயத்திலிருந்து கிள்ளான் கடைத்தெருவுக்கு மாட்டு வண்டி, இல்லாவிட்டால் கால்நடை. சம்பளம் வாங்கின மறுநாள் கிள்ளானுக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் முடிந்தது. தோட்டமே உலகம் என்று மக்கள் அடைந்து கிடந்ததற்குத் தூரமும் ஒரு காரணம். கங்காணி கொடுத்ததே கடன், தோட்டத்துக் கடை சொன்னதே விலை, அங்கேயே கள்ளுக்கடை.

சைக்கிள் இந்தத் தூரத்தைச் சுருக்கியது. 1930களில் ஜப்பானிலிருந்து மலிவான சைக்கிள்கள் மலாயாவில் வந்து குவிந்தன. இங்கிலீஷ் ராலே வாங்க முடியாதவனும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்து ஒரு வண்டி வாங்க வழி பிறந்தது. சமவெளித் தோட்டங்களுக்கு இதில் பெரிய வசதி. மேடு ஏற வேண்டிய தோட்டக்காரன் பாதித் தூரம் வண்டியைத் தள்ளிக் கொண்டு போவான். காப்பார்க்காரனோ பந்திங்காரனோ ஏறி உட்கார்ந்தால் கிள்ளானில்தான் இறங்குவான். பத்திரிகை வந்தது, சங்கக் கூட்டத்துச் செய்தி வந்தது, பக்கத்துத் தோட்டத்தில் என்ன சம்பளம் என்ற விவரமும் வந்தது.

ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்துச் சடக்கில் சைக்கிளில் போகும் தொழிலாளி, துரை எதிரே வந்தால் இறங்க வேண்டும். துரை மட்டுமா? கிராணியார் வந்தாலும் இறங்க வேண்டும். அவர் தாண்டிப் போன பிறகு ஏறிக் கொள்ளலாம். இதைக் கேட்டு ஆச்சரியப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: இது வெள்ளைக்காரன் மட்டும் கண்டுபிடித்த வழக்கமன்று. மேல்சாதியார் தெருவில் செருப்புப் போடக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, பின்னாளில் சைக்கிளில் போகக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விதித்திருந்தார்கள். நம்மில் பலருடைய பாட்டன்மார் அந்தத் தெருவை விட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். ஏறி வந்த இடத்தில் தெருவின் பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது 1941ஆம் ஆண்டுக்கு வருகிறோம். ஐரோப்பாவில் போர். ரப்பருக்கு நல்ல விலை. தோட்டத்து ஆணுக்கு நாட்கூலி 50 காசு அளவில் நின்றது. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். இந்திய அரசு 1938இலேயே மலாயாவுக்கு உதவித் தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டிருந்ததால், புதிய ஆளைக் காட்டி இருக்கிறவனை மிரட்டும் வித்தை இனிச் செல்லாது. இந்த நேரத்தில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டந்தோட்டமாகத் தொழிலாளர்களைத் திரட்டியது. முன்னின்றவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். ஆண்டின் முற்பகுதியில் வேலைநிறுத்தங்கள் தொடங்கின. கூலியில் சிறிது உயர்வும் கிடைத்தது.

சங்கத்தின் கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனருக்குச் சமமான கூலி. கொடுமைக்காரக் கிராணிமாரை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை அமர்த்துதல். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. நம் பெண்களிடம் துரைமாரும் உத்தியோகஸ்தரும் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல். மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூடுதல். பேசவும் கூடவும் உரிமை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போதல். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல். குறைகளை முன்வைத்தவரைப் பழிவாங்காமை. தொழிற்சங்கம் அமைக்க அனுமதி. இவற்றுக்கு நடுவே ஒன்று: துரைமார், கிராணிமார் முன்னிலையில் தொழிலாளர் சைக்கிளில் ஏறிப் போக அனுமதிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை முதல் முறை படித்தபோது எனக்கே அந்த வரி கொஞ்சம் இடித்தது. கூலி, மருந்து, பள்ளிக்கூடம், பெண்களின் மானம் என்று உயிருக்குயிரான கோரிக்கைகள். அவற்றின் நடுவில் சைக்கிளா? யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. கூலியை மாதத்துக்கு ஒரு முறை எண்ணி வாங்குகிறோம். மருந்துக்கு நோய் வந்தால் போகிறோம். சைக்கிளை விட்டு இறங்குவது அன்றாடம் நடப்பது. மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க, பிள்ளை முன்கம்பியில் உட்கார்ந்திருக்க, அவர்கள் கண்ணெதிரே நடப்பது. சொந்தக் காசில் வாங்கிய வண்டி. அதன் டயரில் இருப்பதும் அவன் சீவிய மரத்தின் பால். மேலும், உறவினர் வந்து போகும் உரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் சைக்கிள் உரிமையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். தோட்டத்து எல்லைக்குள் மனிதன் நடமாடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் இருக்கிறது.

1941 மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதுச் செய்தி பரவியதும் தோட்டங்கள் நின்றன. ஏறத்தாழ 20,000 பேர் வேலைக்கு இறங்கவில்லை என்று கணக்கிடுகிறார்கள். காந்தித் தொப்பி அணிந்து பெரட்டுக் களத்தில் நின்ற ஆண்களையும் பெண்களையும் அரசாங்கம் பொறுக்கவில்லை. ஆளுநர் ஷென்டன் தாமஸ் மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசர நிலையைப் பிறப்பித்தார். இராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்களாவது மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், பலர் நாட்டை விட்டே அனுப்பப்பட்டனர். கோரிக்கைப் பட்டியல் காகிதத்தோடு நின்றது. சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் நின்றபடியே நின்றது.

ஏழு மாதம் போனது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். அவர்களுடைய காலாட்படை எதில் வந்தது தெரியுமா? சைக்கிளில். ஆயிரக்கணக்கான சைக்கிள்கள். தங்கள் நாட்டிலிருந்தே வந்து இங்கே விற்பனையான வண்டிகள் ஊருக்கு ஊர் இருந்ததால், பழுதானால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. வண்டியே போனால் வழியில் பிடுங்கிக் கொண்டார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கிப் படை வருவது போல் கேட்டதாக ஜப்பானியப் படை அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். பாலத்தை உடைத்தால் வண்டியைத் தோளில் தூக்கிக் கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. 55 நாளில் படை ஜொகூர் பாருவை எட்டியது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர். யார் எதிரில் இறங்க வேண்டும் என்று விதி இருந்ததோ, அந்தத் துரைமார் காரில் ஏறித் தெற்கே போய்விட்டிருந்தார்கள்.

அதற்காக நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த மூன்றரை ஆண்டில் இதே தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டு மாண்டார்கள். ஊரெல்லாம் பால்மரம் இருந்தும் டியூப் கிடைக்காமல், கட்டை ரப்பரைச் சக்கரத்தில் கட்டி மக்கள் சைக்கிள் ஓட்டிய காலம் அது. டன்லப்புக்கு முந்தின காலத்துக்கே திரும்பிப் போனோம்.

போருக்குப் பின் 1948இல் அவசர காலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று தோட்டத்தையும் புதுக்கிராமங்களையும் முள்வேலியிட்டு அடைத்தார்கள். வாசலில் சைக்கிளை நிறுத்திச் சோதனை. காற்றடிக்கும் பம்புக்குள்ளும், கம்பிக் குழாய்க்குள்ளும் அரிசி மறைத்துக் கொண்டு போகிறார்களா என்று பார்ப்பார்கள். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியிலுள்ள ஜென்ஜாரோம் அப்படி உண்டான புதுக்கிராமந்தான். இன்று பொழுதுபோக்காக அவ்வழியே மிதித்துப் போகிறவர்கள், சோதனைச் சாவடி இருந்த சடக்கில் போகிறோம் என்று எண்ணுவதில்லை.

இறங்கும் வழக்கம் எப்போது ஒழிந்தது என்று கேட்பீர்கள். எழுதி வைத்த சட்டமாக இருந்தால்தானே இன்ன தேதியில் ரத்தாயிற்று என்று சொல்லலாம்! தொழிற்சங்கம் வந்தது; 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது; 1957இல் நாடு விடுதலை பெற்றது; துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். வழக்கம் ஓர் இடத்தில் முன்னும் ஓர் இடத்தில் பின்னுமாகத் தேய்ந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்து சைக்கிளையே ஓரங்கட்டியது. 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு சக்கர வண்டிகளுக்கென்று தனிப்பாதை போட்டார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சைக்கிள் நெடுங்காலம் ஆண்களின் சொத்தாகவே இருந்தது. பெண் பின்னால் உட்கார்ந்து வருபவள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். நம் தோட்டங்களில் இதற்கு இயக்கம் எதுவும் நடக்கவில்லை. இடைநிலைப்பள்ளி ஐந்தாறு மைலுக்கு அப்பால் இருந்தது. பஸ் வராத நாளில் பெண்பிள்ளைகள் அண்ணனின் சைக்கிளை எடுத்துக் கொண்டார்கள். முதலில் கேலி பேசிய கிழவிகளே பிறகு, கடையிலிருந்து வெற்றிலை வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

இன்று இப்பாதைகளில் போக விரும்பும் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. விடியலில் புறப்படுங்கள்; நெல்வயல் பக்கம் நிழலே கிடையாது; பிற்பகலில் கடற்காற்று எதிரே வந்தால் சமவெளியும் மேடாகிவிடும். மழை பெய்த மறுநாள் களிமண் கரையில் இறங்காதீர்கள். மட்கார்டில் மண் அடைத்துச் சக்கரம் சுற்றாது. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பெருஞ்சடக்கில் லாரி அதிகம், ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் தஞ்சோங் காராங் சென்று வாய்க்கால் கரையில் தொடங்குவதே மேல். கேரித் தீவில் பெரும்பகுதி தோட்ட நிலம்; அனுமதி உள்ள பாதையில் போங்கள். மா மெரி மக்கள் வாழும் கிராமம் அங்கே இருக்கிறது. அவர்களுடைய மரச் சிற்பங்களைப் பார்க்கலாம். நகரத்திலும் இப்போது வழி உண்டு: 2015இல் மிட்வேலிப் பக்கமிருந்து மெர்டேக்கா சதுக்கப் பக்கம் வரை, பிரிக்பீல்ட்ஸ் அருகாக, சைக்கிளுக்கென்றே ஒரு தடம் திறந்தார்கள்.

என் தாத்தா கடற்கரைத் தோட்டம் ஒன்றில் வாய்க்கால் வெட்டியவர். 1941இல் அவர் இளைஞர். நான் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் படித்த காலத்தில், 1980களின் இறுதியில், அவர் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போவேன். ஒரு நாள் தோட்டத்துச் சடக்கில் எதிரே மேலாளரின் ஜீப் வந்தது. மேலாளர் வெள்ளைக்காரர் அல்லர், நம்மைப் போன்றவர்தான், கையை ஆட்டிவிட்டுப் போனார். தாத்தா இறங்கி, வண்டியைப் பிடித்துக் கொண்டு ஓரமாக நின்றார். ஜீப் போன பிறகு, "ஏன் தாத்தா எறங்கினீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கடா எறங்கினேன்? காலு எறங்குது" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் சடக்கு வழியே போகவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் கரையில் ஏற்றினார். அது சுற்று வழி. பத்து நிமிடம் கூடுதல். கரை முழுவதும் மிதித்துக் கொண்டே போவார். தண்ணீர்க் கதவு வரும் இடத்தில் மட்டும் பாதை ஒடுங்கும்; அங்கே இறங்கி, கதவில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏறிக் கொள்வார்.